நட்சத்திரக் கண் தவளை: போட்டோ மட்டும் போதுமா?

போன வாரம் வந்த ஒரு கேள்வி ரெண்டு நாளா மனசுலயே நிக்குது. கொடைக்கானல் பக்கத்துலேர்ந்து ஒரு மாணவி கேட்டிருக்காங்க: "சார், ராத்திரி சோலைக்காட்டு ஓடையில ஒரு மரத்தவளை பார்த்தேன். கண்ணுல நட்சத்திரம் மாதிரி கோடு. போட்டோ இருக்கு. பதிவுன்னு சொல்ல இது போதுமா?"

ரொம்ப சந்தோஷம்மா. நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது, அறிவியல் பேர்ல சொன்னா, காடிக்ஸாலஸ் ஆஸ்டெராப்ஸா இருக்கணும். ஆஸ்டெர்னா நட்சத்திரம், ஆப்ஸ்னா கண். 2008-லதான் பிஜு, ரோலண்ட்ஸ், பாஸ்யூட் ங்கிற மூணு ஆய்வாளர்களும் அதுக்குப் பேர் வச்சாங்க. காடிக்ஸாலஸ்ங்கிற பேரினமும் அதே கட்டுரையிலதான் வந்தது. அதோட உறவு வேரியாபிலிஸ், நீலகிரிக்காரன். அதைப் பத்தி ஜெர்டன்ங்கிற ஆய்வாளர் 1853-லயே எழுதிட்டார். வேரியாபிலிஸ்னா மாறக்கூடியதுன்னு அர்த்தம், பேருக்கு ஏத்த மாதிரி ஆளுக்கொரு நிறம், அதனால நிறத்தை நம்பாதீங்க. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வேரியாபிலிஸ், தெற்கே பழனி மலை, ஆனைமலைப் பக்கம் ஆஸ்டெராப்ஸ். எந்த மலை, எவ்வளவு உயரம்னு இல்லாத போட்டோவுக்குப் பாதி மதிப்புதான்.

மீதிப் பாதி தண்ணி. நம்ம பழைய வீடியோக்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், நான் இதையே சொல்லிக்கிட்டு இருப்பேன்: தவளையை எழுதறதுக்கு முன்னாடி தண்ணியை எழுதுங்க. சோலையில கத்துற சின்னப் புதர்த்தவளைகளுக்கு ஓடையே வேண்டாம், முட்டையிலேர்ந்து நேரா குட்டித்தவளையா வெளிய வரும். மலபார் பறக்கும் தவளை தேங்கின குட்டைக்கு மேல இலையில நுரைக்கூடு கட்டும். ஆனா இந்த நட்சத்திரக் கண் தவளையோட தலைப்பிரட்டை ஓடுற தண்ணியில வளருது. ஓடை நின்னா வம்சம் நின்னுச்சு.

என் முதல் நோட்டுல ஒரு வரி இருக்கு: "ஓடை ஓரம், இரவு, ஒண்ணு." அவ்வளவுதான். பல வருஷம் கழிச்சு அதே சரிவுக்குப் போனேன், அங்க மூணு ஓடை. ஒண்ணு வத்திப்போய், வெளிநாட்டுலேர்ந்து வந்த வாட்டில் மரம் மூடியிருந்தது. நான் பார்த்தது அந்த ஓடையா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் என்னால சொல்ல முடியல. அது எனக்கு இன்னமும் வலிக்குது. தண்ணி வேகமா ஓடுச்சா, கணுக்கால் ஆழமா முழங்கால் ஆழமா, மேல மரநிழல் இருந்துச்சா, மணி என்ன, மழை பெஞ்சுதா, இதெல்லாம் எழுதியிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன், அதுதான் எனக்கு முக்கியம். தவளையே கிடைக்காத ராத்திரியையும் எழுதணுமா? கட்டாயம் எழுதணும். "எட்டு மணியிலேர்ந்து பத்து மணி வரை, இருநூறு மீட்டர் நடந்தேன், ஒண்ணும் இல்லை"ன்னு எழுதினாத்தான் பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் ஒப்பிட முடியும்.

மறுபடி போறப்ப வனத்துறை அனுமதியோட போங்க. கையில கொசு மருந்து தடவிட்டுத் தவளையைத் தொடாதீங்க. வேற ஓடைக்குப் போட்டுட்டுப் போன பூட்ஸைக் கழுவிக் காயவச்சுட்டுப் போடுங்க, தவளைகளைத் தாக்குற பூஞ்சை நோய் ஈரத்துலதான் ஊர் மாறுது. கரையோரக் கல்லுக்கு நடுவுல தலைப்பிரட்டை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இருந்தா எத்தனை, தண்ணி எப்படின்னு எனக்கு எழுதுங்க.