கொடம்புளி மாத்திரையும் வெற்று மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஆனாலும் புதுச்சேரி நேரு வீதி ஆனாலும், உடம்பைக் குறைக்கும் மூலிகை மாத்திரை கேட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கொடம்புளிச் சாறு, பச்சைத் தேயிலைச் சாறு என்று எழுதியிருக்கும்.

கொடம்புளி, கேரளத்தில் மீன் குழம்புக்குப் போடுகிற புளி. அதன் தோலில் உள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம், உடம்பு கொழுப்பை உண்டாக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியைத் தடுக்கும். எலிகளிடம் பலன் தெரிந்தது. சரி, மனிதர்களுக்கு?

1998-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பருமனான 135 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 1,500 மில்லிகிராம் அந்த அமிலம். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. இரு பிரிவுக்கும் கலோரி குறைந்த, நார்ச்சத்து மிகுந்த ஒரே உணவுமுறை. 12 வாரம் கழித்துப் பார்த்தால், கொடம்புளி சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ!

அந்த இரண்டாவது பிரிவு இல்லையென்றால், 3.2 கிலோவும் கொடம்புளியின் கணக்கில்தான் ஏறியிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா, "மாத்திரை போட்டேன், மூணு கிலோ குறைஞ்சுது" என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அதே மாதங்களில் அவர் இரவுச் சோற்றைக் குறைத்து, சில்வர் பீச்சில் நடந்தும் இருப்பார். அந்த உழைப்பின் பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பச்சைத் தேயிலையைக் கஷாயமாகக் குடிப்பது வேறு, செறிவூட்டிய சாற்றை விழுங்குவது வேறு. அதிலுள்ள ஈஜிசிஜி என்னும் பொருளை மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

அப்புறம், கலப்படம். இதயத்துக்கு ஆபத்து என்பதால் இந்தியா 2011-இல் தடைசெய்த சிபுட்ரமைன் என்னும் பசியை அடக்கும் மருந்து, மூலிகை என்று விற்ற எடைக்குறைப்பு மாத்திரைகளில் பல நாடுகளில் அகப்பட்டிருக்கிறது. மூலிகை மாத்திரை போட்டதும் பசியே அடங்கிப் போய், நெஞ்சு படபடத்தால் உடனே நிறுத்துங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ அந்த டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள், வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.