வைரவர் கேட்காத கேள்வி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலைச் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

பல தெய்வம் கும்பிடுகிறவர்களும் கடவுளே இல்லை என்கிறவர்களும் பல இடங்களில் நன்றாக ஒத்துப்போகிறார்கள். அது உண்மையான உறவா, வெறும் மேற்பூச்சா? இதுதான் தலைப்பு. உறவுதான் என்று பேச வந்திருக்கிறோம். எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளை வைத்துவிட்டு அமர்ந்தார். ஒரு கடவுளையே ஏற்காதவன் முப்பது கடவுள்களை எப்படிச் சகிப்பான் என்று கேட்டார். அற்புதங்களை எதிர்த்த பகுத்தறிவாளர் கோவூர் வாழ்ந்த நாட்டில் இப்படி ஒரு உறவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார். பெரும்பான்மை மதம் என்ற பொது எதிரி இருப்பதால் வந்த கூட்டுத்தானே இது என்றும் கேட்டார்.

முதல் கேள்வியில் கணக்கே பிழை. சண்டை வருவது தெய்வங்களின் தொகையால் அல்ல, "நீ நம்புகிறாயா?" என்ற கேள்வியால். அந்தக் கேள்வியை நம் ஊர் வைரவர் யாரிடமாவது கேட்டிருக்கிறாரா? மடை வைப்பதென்றால் என்னென்ன வேலை என்று பாருங்கள். இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். வடைமாலைக்கு உழுந்தை இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறப்போட்டு, தண்ணீரை அளந்து தெளித்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். மா இளகினால் வடையின் துளை எண்ணெயில் மூடிக்கொள்ளும். பிறகு நூல் போகாது. சுடச்சுடக் கோர்த்தால் வடை கிழிந்து மாலை கொட்டுப்பட்டுப் போகும். ஆறவிட்டுத்தான் கோர்க்க வேண்டும். அந்த வீட்டில் கடவுள் இல்லை என்கிற சித்தப்பா ஒருவர் இருந்தால், அவரும் பாயில் குந்தியிருந்து கோர்ப்பார். "உமக்கு வைரவரில் நம்பிக்கை இருக்கிறதா?" என்று கேட்டு எந்தப் பெரியம்மாவும் அவர் கையிலிருந்து நூலைப் பறிப்பதில்லை. மாலை அறுந்தால்தான் ஏச்சு விழும்.

இங்கே வழிபாடு என்பது செய்யும் காரியம். மனதுக்குள் என்ன இருக்கிறது என்ற விசாரணை இல்லை. விசாரணை இல்லாத இடத்தில் நம்பாதவன் துரோகி ஆவதில்லை. எங்கள் அணியின் வாதம் முழுவதும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது.

"பேகன்" என்று மேற்கில் சொல்கிறார்களே, அந்தச் சொல் லத்தீனில் நாட்டுப்புறத்தானைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பட்டணம் கிறிஸ்தவத்துக்கு மாறிய பிறகும் பழைய தெய்வங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பெயரே நிலைத்தது. பழைய ரோமில் சடங்கு செய்தாயா என்பதுதான் கேள்வி. சிசரோ கி.மு. 45இல் எழுதிய தெய்வங்கள் பற்றிய உரையாடலில், தெய்வங்கள் உண்டு என்பதற்கான நிரூபணங்களை ஒவ்வொன்றாக உடைப்பவர் கோட்டா. அவர் யார்? ரோமின் பூசகர் சபையில் இருந்தவர்! அதே ரோமில் ஊர்த் தெய்வங்களுக்குச் சடங்கு செய்ய மறுத்த ஆதிக் கிறிஸ்தவர்களைத்தான் மக்கள் "நாத்திகர்" என்று தூற்றினார்கள்.

இதில் ஒன்றை மறைக்க நான் விரும்பவில்லை. பல தெய்வம் கும்பிட்ட ஏதென்ஸ் நகரம்தான் கி.மு. 399இல், நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை என்ற குற்றத்தையும் சேர்த்துச் சுமத்திச் சோக்கிரட்டீசுக்கு நஞ்சு கொடுத்தது. சடங்கு அரச விசுவாசத்துக்கு அடையாளம் ஆனவுடன் இந்த உறவு முறிந்துபோகும். உறவு உண்டு என்று சொல்கிற நாங்கள் அது முறியும் இடத்தையும் தெரிந்துகொண்டுதான் சொல்கிறோம்.

நம் தமிழுக்கு வருவோம். நாம் நிற்கிற இந்த மேடைக்கே பெயர் தந்தது மணிமேகலை. சமய வாதிகளே, பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்று இந்திரவிழா அறிவிப்பில் வருகிறது. பிறகு வஞ்சி நகரில் மணிமேகலை சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன் என்று போகும் அந்த வரிசையில், நிலம் நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்கிற பூதவாதியும் நிற்கிறான். பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் கூட்டினால் கள்ளின் வெறி பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, கூட்டம் கலைந்தால் அதுவும் போய்விடும் என்கிறான். அவள் அவனை விரட்டவில்லை. கண்ணால் கண்டது மட்டுமே உண்மையென்றால் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். மடக்குவதற்குக்கூட அவனுக்கு அந்த வரிசையில் ஓர் இடம் இருந்தது.

இனிக் கோவூர். கேரளத்தில் பிறந்து யாழ்ப்பாணத்துக்குப் படிப்பிக்க வந்த ஆபிரகாம் கோவூர், 1963இல் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று சவால் விட்டார். 1978இல் இறக்கும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை. சவால் யாருக்கு விடப்பட்டது என்று கவனியுங்கள். எனக்குத் தெய்வ சக்தி இருக்கிறது என்று சொல்லிக் காசு வாங்குகிறவருக்கு. படையல் வைக்கும் ஆச்சிக்கு அல்ல. அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, எரியும் தணலில் அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், காலில் கொப்புளம் வரக்கூடாது என்பது. நடப்பது அல்ல, நிற்பது!

ஏன் நிற்கச் சொன்னார்? போறணைக்குள் பாணும் தகரத் தட்டும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. பாணைத் தொட்டால் கையை எடுக்க நேரம் இருக்கும், தட்டைத் தொட்டால் தோல் போய்விடும். விறகுத் தணல் பாணைப் போல. சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேலே படிந்த சாம்பல் இன்னும் தடுக்கும். நடக்கிறவரின் ஒவ்வொரு அடியும் ஒரு வினாடிகூடத் தணலில் தங்குவதில்லை. அதனால்தான் தீமிதிப்பில் பெரும்பாலானவர்கள் காயமில்லாமல் கரையேறுகிறார்கள். காயம் படுகிறவர்கள் எதனால் படுகிறார்கள்? விறகோடு வந்த ஆணி தணலுக்குள் கிடந்து மிதிபடுவதால். சுவாலை அடங்குமுன் இறங்குவதால். தணல் தடிப்பாகவும் இளக்கமாகவும் கிடந்து பாதம் புதைவதால். ஓடும்போது பெருவிரல் கிண்டுவதால். ஈரக் காலில் தணல் துண்டு ஒட்டிக்கொள்வதால்.

இந்தப் பட்டியலை ஒரு பகுத்தறிவாளர் கையில் கொடுங்கள், கோயில் மண்வெட்டியையும் கொடுங்கள். ஆணி பொறுக்கி, தணலை மெல்லிசாகப் பரவி, நேரத்துக்குச் சாம்பல் படியவிடுவார். பக்தர் அம்மன் காத்தாள் என்பார், இவர் சாம்பல் காத்தது என்பார். இறங்கியவரின் கால் இரண்டு பேருக்கும் முக்கியம். அம்மனைக் கும்பிடுகிறவருக்கு இந்த விளக்கத்தால் ஒன்றும் குறைவதில்லை, ஏனென்றால் அவர் விரதம் இருந்தது விஞ்ஞானத்தைத் தோற்கடிக்க அல்ல.

வீட்டில் அம்மாள் வந்தால் என்ன செய்கிறோம்? பிள்ளையைத் தனியறையில் விடுகிறோம், வாசலில் வேப்பிலை செருகுகிறோம். அதைக் கண்டவர் உள்ளே வரமாட்டார். பொருக்குக் காய்ந்த பிறகுதான் தலைக்குத் தண்ணீர் வார்க்கிறோம். கொப்புளம் எல்லாம் பொருக்குக் கட்டும்வரை தொற்றும், அதுவரை பிரித்து வையுங்கள் என்றுதான் வைத்தியரும் சொல்கிறார். வழி இரண்டு, காரியம் ஒன்று. பிழைக்கும் இடமும் உண்டு. பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ, வீட்டில் கர்ப்பிணி இருந்தாலோ, அம்மாள் கோபிப்பா என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவது. பிள்ளைக்குக் காய்ச்சலென்று அஸ்பிரின் கொடுத்துவிடுவது. அங்கேதான் அந்தச் சித்தப்பா தேவை. வேப்பிலையைப் பிடுங்கி எறிகிற சித்தப்பாவின் பேச்சு எடுபடாது. வேப்பிலை இருக்கட்டும், ஓட்டோ பிடிக்கிறேன் என்கிற சித்தப்பாவோடுதான் தாய் ஏறுவாள்.

மூன்றாவது கேள்வி, பொது எதிரி. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில் கிரீஸ் என்று ஒரு ஊர். அந்த ஊர்ச்சபைக் கூட்டம் வருடக்கணக்காகக் கிறிஸ்தவப் பிரார்த்தனையோடுதான் தொடங்கியது. ஒரு யூதப் பெண்ணும் ஒரு நாத்திகப் பெண்ணும் முறையிட்ட பிறகு, 2008இல், இக்காலத்துப் பேகன் வழிபாடான விக்காவின் பூசாரி ஒருவருக்கும் அங்கே பேச இடம் கிடைத்தது. (விக்கா வழிபாட்டை உலகறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னர் இளவயதில் நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்.) வழக்கு அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம்வரை போய், 2014இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஊர்ச்சபை வென்றது. அதே ஆண்டு ஒரு நாத்திகரும் அங்கே தொடக்க உரை சொன்னார். ஒருவர் தட்டிய கதவால் மற்றவரும் உள்ளே போனார் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அது மட்டும்தான் என்றால் எதிரணி வென்றதாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஐஸ்லாந்தைப் பாருங்கள். 1972இல் அங்கே பழைய நோர்ஸ் தெய்வங்களுக்கான சங்கம் தொடங்கி, அடுத்த ஆண்டே அரச அங்கீகாரம் பெற்றது. அதன் தலைமைப் பூசகர் 2015இல், எட்டுக்கால் குதிரையில் போகும் ஒற்றைக்கண் மனிதரை, அதாவது ஓடின் தெய்வத்தை, உள்ளபடியே நம்புகிறவர் யாருமில்லை, அந்தக் கதைகளைக் கவிதை உருவகமாகத்தான் பார்க்கிறோம் என்ற பொருளில் சொன்னார். நம்பாமையும் வழிபாடும் இங்கே ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. எதிரியைக் காட்டி இதை விளக்க முடியாது.

நடுவர் அவர்களே, கடைசியாக நம் கடலுக்கு வருகிறேன். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கல்லும் தூணும் சுவாமிமலைக்குக் கீழே கடலில் கிடந்தன. 1956இல் அங்கே சுழியோடி அவற்றைக் கண்டவர்கள் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும். கிளார்க் கடவுளை நம்பாதவர். தன் அடக்கத்தில் எந்த மதச் சடங்கும் கூடாது என்று எழுதிவைத்தார், 2008இல் கொழும்பில் அப்படியே அடக்கம் செய்தார்கள். வில்சன் பிற்காலத்தில் காவி கட்டிச் சுவாமி சிவகல்கி ஆனார். ஒரே படகிலிருந்து இறங்கி ஒரே கல்லைத் தொட்டவர்கள் இருவரும். அந்தக் கடலடியில் கிடைத்த லிங்கம் கோணேசர் கோயிலில்தான் இருக்கிறது.