பூசி மெழுகினால் யாருக்கு லாபம்?

நடுவர் அவர்களே, வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ஜாஸ் இசையின் வரலாற்றைப் பேசும்போது அந்தக் காலத்து இனவெறிச் சொற்களை மறைப்பது சரியா, இருந்தபடி சொல்வது சரியா என்பதுதான் இன்றைய வழக்கு. இருந்தபடி சொல்ல வேண்டும் என்கிற அணிக்காக வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் உருக்கமாகப் பேசினார். 1951-இல் புகழ்பெற்ற கறுப்பின ஜாஸ் பாடகரும் டிரம்பெட் கலைஞருமான லூயி ஆம்ஸ்ட்ராங், தன்னுடைய அடையாளப் பாட்டான ‘வென் இட்ஸ் ஸ்லீப்பி டைம் டவுன் சவுத்’தை மறுபடி பதிவு செய்தபோது, கறுப்பர்களைக் குறிக்கும் ‘டார்க்கீஸ்’ என்ற இளக்காரச் சொல்லையும் பழையபடியே பாடிவிட்டார். கறுப்பின ரசிகர்கள் கொதித்தார்கள். சொல்லை மாற்ற வேண்டியதாயிற்று என்றார். உண்மைதான், மாற்றியது நல்லதும்கூட. ஆனால் நண்பரே, இதைச் சொல்வதற்கு அந்தச் சொல்லை நீங்களே இந்த மைக்கில் உச்சரித்தீர்களே! சொல்லாமல் விட்டிருந்தால் ரசிகர்கள் எதற்குக் கோபப்பட்டார்கள் என்று சபைக்கு எப்படிப் புரியும்? பாடுவது வேறு, பாடினார்கள் என்று பதிவு செய்வது வேறு. இன்னொன்றையும் அவர் விட்டுவிட்டார். அந்தப் பாட்டை எழுதிய மூவருமே கறுப்பினத்தவர்கள். பிழைப்புக்காகத் தங்களைப் பற்றியே அப்படி எழுத வேண்டியிருந்த காலம் அது. சொல்லை மறைத்தால் அந்தக் கொடுமையும் சேர்ந்து மறைந்துவிடும்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த காட்டன் கிளப் என்ற இரவு விடுதியைப் பாருங்கள். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், கீழே வெள்ளைக்கார ரசிகர்கள். 1927 முதல் அங்கே வாசித்த டியூக் எலிங்டனின் குழு சில இசைத்தட்டுகளில் ‘ஜங்கிள் பேண்ட்’ என்ற பெயரில் வந்தது. காட்டுக் குழு! பியானோவில் உட்கார்ந்திருந்ததோ அந்த நூற்றாண்டின் மாபெரும் இசையமைப்பாளர்களில் ஒருவர். இதை ‘அக்கால விளம்பரப் பாணி’ என்று நாசூக்காக எழுதினால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போலத்தான்.

இனி 1957-க்கு வருகிறேன். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், லிட்டில் ராக் நகரில், ஒன்பது கறுப்பின மாணவர்கள் அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குள் நுழைய முடியாதபடி ஆளுநர் ஃபாபஸ் காவல்படையை நிறுத்தினார். அப்போது வடக்கு டகோட்டாவில் கச்சேரிக்குப் போயிருந்த ஆம்ஸ்ட்ராங், ஹோட்டல் அறையில் ஓர் இளம் நிருபரிடம் வெடித்தார். எப்போதும் சிரித்த முகம் என்று பெயரெடுத்த மனிதர், அரசாங்கத்துக்காகச் சோவியத் பயணம் போக மாட்டேன் என்றார். ஜனாதிபதி ஐசனோவருக்குத் துணிவில்லை என்றார். ஃபாபஸைச் சொன்ன வசவு அச்சில் ஏற முடியாதது. நிருபரும் அவரும் யோசித்து, ‘படிக்காத ஏர் ஓட்டும் பயல்’ என்ற பொருள் வரும்படி மாற்றினார்கள். செய்தி வெளியே வர வேறு வழியில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கும் அந்த மாற்றுச் சொல்லை மட்டும் சொன்னால், ஐம்பத்தாறு வயதுக் கலைஞனின் கோபம் பாதிதான் நம் கைக்கு வரும்.

கவனித்தீர்களா நடுவர் அவர்களே? கறுப்பரைத் திட்டிய சொல்லை மறைத்தால் திட்டியவன் தப்பிக்கிறான். கறுப்பர் திருப்பித் திட்டியதை மறைத்தாலும் அதே ஆள்தான் தப்பிக்கிறான்!

அதற்காக, மேடைக்கு மேடை அந்தச் சொற்களைச் சொல்லிக் கைதட்டு வாங்கு என்று நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. அப்படிச் செய்கிறவர் வரலாறு சொல்லவில்லை, வாய்க்கொழுப்பைத் தீர்த்துக்கொள்கிறார்.

இதே ஃபாபஸைக் கேலி செய்து சார்லஸ் மிங்கஸ் என்ற கறுப்பின ஜாஸ் கலைஞர் ஓர் இசை அமைத்தார். 1959-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில் அது வரிகளே இல்லாமல், வெறும் வாத்திய இசையாக வந்தது. 1960-இல் கேண்டிட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது மிங்கஸும் டிரம்ஸ் வாசித்த டேனி ரிச்மண்டும் கத்திக் கத்தித் திட்டுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அப்புறம் தீர்ப்பு சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.