அங்கீகாரமும் அடுப்புக் கடிகாரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நாட்டை மற்ற நாடுகள் அங்கீகரிப்பது என்றால் கையெழுத்து, கொடி, தூதரகம் என்றுதான் நினைக்கத் தோன்றும். நான் உங்களை ஒரு சமையலறைக்கு அழைத்துப் போகிறேன். ஜெர்மனி, 2018 மார்ச். மின் அடுப்பில் பதித்த கடிகாரம் ஆறு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். ஐரோப்பாவில் 25 நாடுகளில் இதே கதை.

காரணம், கொசோவோ. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் வட்டாரத்தில், செர்பியாவிலிருந்து பிரிந்து தனி நாடு என்று அறிவித்துக்கொண்ட பகுதி. செர்பியா அதை ஏற்கவில்லை.

அந்த வகைக் கடிகாரம் மின்சாரத்தின் அலைகளை எண்ணித்தான் நேரம் காட்டும். நம்மூரைப் போலவே அங்கும் விநாடிக்கு 50 அலை. 50 எண்ணி முடித்தால் ஒரு விநாடி. அந்த 25 நாடுகளின் மின்தொகுப்பும் ஒன்றோடொன்று இணைந்தது; ஓரிடத்தில் மின்சாரம் பற்றாவிட்டால் எல்லா இடத்திலும் அலை குறையும். கொசோவோவில் மின் உற்பத்தியைவிட மின் பயன்பாடு கூடியது. அந்தப் பகுதியின் கணக்கைச் சரிக்கட்ட வேண்டிய பொறுப்பு செர்பியாவுடையது. அது ஈடு செய்யவில்லை. கொசோவோவின் மின்தொகுப்பு தனியானதா, செர்பியாவுக்கு உட்பட்டதா என்பதே தீராத வழக்கு. ஜனவரி நடுவிலிருந்து விநாடிக்குச் சராசரி அலை 49.996 ஆக இறங்கியது. பார்க்க ஒன்றுமில்லாத குறைவு. ஆனால் நாளுக்கு ஏழு விநாடி. ஐம்பது நாளில் ஆறு நிமிடம்! கொசோவோ தனி மின்பகுதியாக இயங்கத் தொடங்கியது 2020 டிசம்பரில்தான்.

மறுபடியும் சொல்கிறேன், அங்கீகாரச் சிக்கல் வீட்டுக்குள் வரும். தொலைபேசியையே பாருங்கள். 2008 பிப்ரவரி 17-இல் சுதந்திரம் அறிவித்த நாட்டுக்குச் சொந்தக் குறியீட்டு எண் 383 ஒதுக்கப்பட்டது 2016 டிசம்பரில். அதுவரை கைபேசிகள் மொனாகோவின் 377, ஸ்லோவேனியாவின் 386 என்று இரவல் எண்களில் ஓடின.

கொசோவோ நாடுதான் என்று சர்வதேச நீதிமன்றம் 2010-இல் தீர்த்துவிட்டதே என்பார்கள். இல்லை. சுதந்திரத்தை அறிவித்த செயல் சர்வதேசச் சட்டத்தை மீறியதா என்பது மட்டுமே கேள்வி. மீறவில்லை என்று பத்துக்கு நான்கு என்ற கணக்கில் கருத்துச் சொன்னார்கள். கொசோவோ ஒரு நாடா என்பதை அந்த நீதிபதிகள் தொடவே இல்லை. இதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, ஐ.நா. பற்றிச் சுருக்கமாக. உறுப்பினராகப் பாதுகாப்பு மன்றத்தின் 15 பேரில் 9 பேர் ஆதரிக்க வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினரில் ஒருவரும் தடுக்கக் கூடாது, பிறகு பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு. ரஷ்யாவும் சீனாவும் கொசோவோவை ஏற்கவில்லை. இந்தியாவும் ஏற்கவில்லை. செர்பியாவும் ஏற்காததால், பால்கன் வட்டாரக் கூட்டங்களில் அதன் பெயர்ப்பலகைக்கு 2012-இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: ‘கொசோவோ’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே அடிக்குறிப்பு: இப்பெயர் அதன் தகுதி குறித்த எவருடைய நிலைப்பாட்டையும் பாதிக்காது. நன்றி, வணக்கம்.