200 நாற்காலி போதும்

எல்லோருக்கும் வணக்கம். கச்சேரி கேட்டுப் பழகிய காதுகள் நிறைந்த அவை இது, அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நார்வேயின் மேற்குக் கரையில் பெர்கன் என்று ஒரு நகரம். அதற்குத் தெற்கே, நீரை ஒட்டிய ஒரு மேட்டில் ட்ரோல்ஹௌகன் என்ற மரவீடு இருக்கிறது. கட்டியவர் இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக். வரைபடம் போட்டுக் கொடுத்தவர் அவருடைய உறவினரான ஷாக் புல். 1885-இல் குடிபுகுந்த கிரீக், 1907-இல் இறக்கும்வரை கோடைக்காலங்களைப் பெரும்பாலும் இங்கேதான் கழித்தார், குளிர்காலம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஐரோப்பா முழுக்கக் கச்சேரிக்குக் கிளம்பிவிடுவார். இன்று அந்த வீடு அருங்காட்சியகம். கலைஞர்கள் வாழ்ந்த வீடுகள் உலகம் முழுக்க அருங்காட்சியகமாகத்தான் இருக்கின்றன, அவற்றில் பலவற்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்குக்கண்ணாடியும் பேனாவும் வைத்திருப்பார்கள், நாமும் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். ட்ரோல்ஹௌகனில் அந்த வீட்டுக்காரரின் இசை இன்னமும் வாசிக்கப்படுகிறது. யாரோ உட்கார்ந்து யோசித்து, ஒன்றைச் செய்யலாம் இன்னொன்றைச் செய்யக்கூடாது என்று முடிவெடுத்ததால்தான் அது நடக்கிறது. நான் பேச வந்தது அந்த முடிவுகளைப் பற்றித்தான்.

முதலில் வீட்டுக் கூடம். சுவர்கள் சாயம் பூசாத வெறும் மரம். அங்கே ஸ்டெய்ன்வே நிறுவனம் செய்த ஒரு பியானோ நிற்கிறது. 1892 ஜூன் மாதம் கிரீக்குக்கும் மனைவி நீனாவுக்கும் திருமணமாகி 25 ஆண்டு நிறைந்தபோது பெர்கன் நண்பர்கள் கொடுத்த பரிசு அது. அன்றைக்கு வீடு நிறைய விருந்தாளிகள், வாழ்த்த வந்த கூட்டம், பாட்டு, விருந்து. சில ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய ஒரு பியானோ உருப்படிக்கு முதலில் வைத்த பெயர் 'வாழ்த்த வருகிறார்கள்' என்ற பொருளில் இருந்தது, பிறகுதான் அது 'ட்ரோல்ஹௌகனில் திருமண நாள்' ஆனது. 1897-இல் அச்சில் வந்த அந்த உருப்படியை இன்று உலகம் முழுக்கப் பியானோ படிக்கும் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். அந்த நாளில் வந்த பியானோ, அந்த நாளை நினைத்து எழுதிய இசை, அந்த நாள் கொண்டாடப்பட்ட கூடம், மூன்றும் இன்னமும் ஒரே கூரையின் கீழே இருக்கின்றன. சிறிய கச்சேரிகளுக்கு இன்றும் அந்தப் பியானோவைத் திறக்கிறார்கள்.

நீனாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் அநியாயம். அவர் அருமையான பாடகி. தன் பாடல்களை உண்மையாகப் பாடியவர் நீனாதான் என்று கிரீக்கே எழுதியிருக்கிறார். அவர் பியானோவில் உட்கார, நீனா பக்கத்தில் நின்று பாட, நண்பர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்ட வீடு அது. 1907 கோடையில் இளம் பியானோ கலைஞர் பெர்சி கிரேஞ்சரும் டச்சு இசையமைப்பாளர் யூலியஸ் ரோன்ட்கனும் அங்கே விருந்தாளிகளாகத் தங்கி, வாத்தியக் குழுவோடு பியானோ சேர்ந்து வாசிக்கும் உருப்படியான கிரீக்கின் பியானோ கான்செர்ட்டோவைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேசி வாசித்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிரேஞ்சர் வாசிக்க, கிரீக் வாத்தியக் குழுவை நடத்துவதாக ஏற்பாடு. செப்டம்பர் 4-ஆம் தேதி கிரீக் இறந்துவிட்டார். ஆக, இந்த வீட்டில் கச்சேரி நடத்துவது பிற்காலத்தார் சுற்றுலாவுக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிரீக் இருந்த காலத்திலேயே அந்த வீடு அப்படித்தான் இருந்தது.

ஆனால் வருகிறவர்கள் அதிகமானால் எழுதுகிறவனுக்கு ஏது தனிமை? தான் இசையமைப்பதை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தாலே கிரீக்குக்கு வேலை ஓடாது. அதனால் 1891-இல் வீட்டுக்குக் கீழே, சரிவில் இறங்கி நீரோரமாக ஒரு குடில் கட்டிக்கொண்டார். ஒரே ஒரு அறை. ஒரு சின்னப் பியானோ, ஒரு சோபா, ஒரு கணப்படுப்பு, ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. அவ்வளவுதான். கிரீக் ரொம்பக் குள்ளமானவர், ஐந்தடியை ஒட்டிய உயரம்தான். பியானோ நாற்காலியில் உயரம் போதாமல் பேத்தோவனின் சொனாட்டாக்கள், அதாவது ஒன்றிரண்டு வாத்தியங்களுக்கான பல பகுதி உருப்படிகள், அடங்கிய தொகுப்பை அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். குடிலைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது, திருட வருகிறவருக்கு ஒரு சீட்டும் எழுதி வைத்துவிட்டுப் போவாராம்: இசைத் தாள்களை மட்டும் விட்டுவிடுங்கள், அவற்றுக்கு எட்வர்ட் கிரீக்கைத் தவிர வேறு யாரிடமும் மதிப்பில்லை என்று.

சரி, அவருக்குப் பிறகு என்ன ஆனது? நீனாவால் தனியாக அந்த வீட்டை வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. வீடு கைமாறியது, சாமான்கள் ஏலம் போயின. நம் ஊர்களில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. நல்ல வேளையாக வாங்கியவர் உறவினர். அவர் வீட்டை உள்ளூராட்சிக்கே கொடுத்தார், போன பொருட்களில் பல திரும்பி வந்தன, 1928-இல் அருங்காட்சியகம் திறந்தது. நீனா 1935-இல்தான் இறந்தார், அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். இருவருடைய சாம்பலும் தோட்டத்துக்குக் கீழே நீரைப் பார்த்த பாறைச் சுவரில் குடைந்த ஒரு சின்னக் கல்லறையில் இருக்கிறது.

இப்போது முக்கியமான முடிவுக்கு வருகிறேன். கூடத்தில் எத்தனை பேர் உட்கார முடியும்? சொற்பம். கேட்க வருகிறவர்களோ ஏராளம். என்ன செய்வது? பெர்கன் நகரத்தில் 1978-இலேயே கிரீக்கின் பெயரில் ஒரு பிரம்மாண்டமான இசை அரங்கம் திறந்துவிட்டார்கள், சுமார் 1,500 இருக்கைகள். 'கச்சேரி எல்லாம் அங்கே, இங்கே வீட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்' என்று சொல்லிவிட்டிருக்கலாம், யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். அல்லது கூடத்தின் சுவரை இடித்துப் பெரிதாக்கியிருக்கலாம், அது மன்னிக்கவே முடியாத காரியமாக இருந்திருக்கும். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. 1985-இல் வீட்டுக்குப் பக்கத்துச் சரிவுக்குள் புதைத்த மாதிரி ஓர் அரங்கத்தைக் கட்டினார்கள். பெயர் ட்ரோல்சாலன். கூரைமேல் புல் வளர்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் கட்டிடம் இருப்பதே கண்ணை உறுத்தாது. இருக்கை 200. மேலே நுழைந்து படிப்படியாகக் கீழே இறங்கி உட்கார வேண்டும். மேடைக்குப் பின்னால் சுவருக்குப் பதிலாகப் பெரிய கண்ணாடி. வாசிக்கிறவரின் தலைக்குப் பின்னால், கொஞ்சம் கீழே, அதே சிவப்புக் குடில் தெரிகிறது, அதற்கும் பின்னால் நீர். ஒரு சொனாட்டாவைக் கேட்டுக்கொண்டே அதை எழுதியவர் உட்கார்ந்த இடத்தைப் பார்க்கலாம். இதைவிடப் பெரிய அறிமுக உரை எந்தக் கச்சேரிக்கு வேண்டும்?

200 என்ற எண்ணை நான் மிகவும் மதிக்கிறேன். மேடையில் நான்கு பேர், மூன்று பேர், சில சமயம் ஒரே ஒருவர் இருந்து வாசிக்கும் சேம்பர் இசை, வில் நரம்பில் படும் உரசலும் வாசிக்கிறவரின் மூச்சும் காதில் விழும் தொலைவில் இருந்தால்தான் முழுசாகக் கிடைக்கும். கிரீக் எழுதியதில் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான்: 66 சின்னச்சின்னப் பியானோ உருப்படிகள் பத்துத் தொகுதிகளாக, மூன்று வயலின் சொனாட்டாக்கள், ஒரு செல்லோ சொனாட்டா, பாடல்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் ஓர் உருப்படியை 1,500 பேர் மண்டபத்தில் போட்டால் அது ஓசையாக வந்து சேரும், பேச்சாக வந்து சேராது. வருமானம் கூடுமே என்று அரங்கத்தை இரண்டு மடங்காகக் கட்டியிருந்தால் கூட்டம் வந்திருக்கும், அந்த நெருக்கம் போயிருக்கும்.

அப்புறம், கோடையில் மதிய வேளையில் அங்கே சின்னக் கச்சேரி வைக்கிறார்கள், சுமார் அரைமணி நேரப் பியானோ. இசையே பழகாத சுற்றுலாப் பயணியும் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம். 1953 முதல் நடக்கும் பெர்கன் சர்வதேச விழாவின் கச்சேரிகளும் இந்த வீட்டுக்கு வருகின்றன. கிரீக் பெயரில் நடக்கும் சர்வதேசப் பியானோ போட்டியின் ஆரம்பச் சுற்றுகளும் இந்தச் சின்ன அரங்கத்தில்தான். வெளிநாட்டு இளைஞர் ஒருவர் கைநடுங்க மேடையேறுகிறார், பின்னால் அந்தக் குடில்.

பக்கத்திலேயே இன்னொரு வீடும் உண்டு, லிசோயன் தீவில் வயலின் மேதை ஊலே புல் 1873-இல் கட்டியது. 15 வயதுச் சிறுவன் கிரீக் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, 'இவனை ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு இசை படிக்க அனுப்புங்கள்' என்று பெற்றோரிடம் சொன்னவர் அவர்தான். வெங்காயக் குவிமாடமும் செதுக்கு வேலையுமாக, வீட்டுக்குள்ளேயே இசைக்கூடம் வைத்துக் கட்டினார். 1973-இல் அவருடைய பேத்தி அதைப் பழைய நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். அங்கேயும் கச்சேரி நடக்கிறது.

ஒரு கேள்வி எப்போதும் வரும்: 1892-ஆம் ஆண்டுப் பியானோவை இன்னும் வாசிக்கலாமா, தேய்ந்துவிடாதா? தேயும். தேயத்தான் செய்யும். ஆனால் வாசிக்காமல் மூடி வைத்த பியானோவும் கெட்டுத்தான் போகிறது. அதனால் அளவாக, தேர்ந்தெடுத்த நாட்களில் வாசிப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து, ட்ரோல்ஹௌகன்காரர்கள் செய்வதும் அதைத்தான். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும், ஒலிவாங்கி அந்தப் பக்கம் வருகிறது, கேளுங்கள்.