கதவுக்குள் நிற்கும் தண்ணீர்

வணக்கம் நேயர்களே. நான் நாமக்கல் பக்கம் லாரிகளுக்கு டிங்கரிங் வேலை செய்கிறவன். சுத்தியல் பிடிக்கத் தெரியும், மைக் பிடிக்கத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். பட்டறையில் பேசுகிற மாதிரி பேசினால் போதும் என்று கூட்டி வந்துவிட்டார்கள். சரி, பட்டறையில் நடந்த ஒரு வேலையையே சொல்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு பழைய லாரி வந்தது. 18 வருஷத்து வண்டி. தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றியே பாதி ஆயுளைக் கழித்தது. எங்கள் ஊரில் கடல் கிடையாது. ஆனால் இந்த மாதிரி வண்டிகள் கடலைக் கொஞ்சம் கேபினுக்குள் கொண்டு வந்துவிடும். எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றுக்குக் காட்ட வேண்டும் இல்லையா, அதற்குப் பத்து நாள்தான் இருந்தது. ஓனர் வந்ததும் வராததுமாக, "அண்ணா, டோர் அடியில ரெண்டு கொப்புளம் வந்திருக்குதுங்க. தேய்ச்சுப் பட்டி போட்டு கலர் அடிச்சு விட்ருங்க" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் கதவை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல தகடு 'டங்' என்று பேசும். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சத்தம் 'டப்' என்று செத்துப்போனது. அந்த இடத்தில் காந்தத்தை வைத்தேன். ஒட்டாமல் வழுக்கிக் கீழே விழுந்தது. யாரோ ஏற்கெனவே விரல் கனத்துக்குப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்புகிற பசை, அப்பியிருக்கிறார்கள். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து லேசாக அழுத்தினேன். பிஸ்கட்டில் குத்தின மாதிரி உள்ளே போய்விட்டது. ஓனர் முகம் மாறிவிட்டது.

பெயின்டில் தெரிகிற கொப்புளம் துருவின் தொடக்கம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதுதான் கடைசிக் கட்டம். துரு உள்பக்கமிருந்து வெளியே வருகிறது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கு மேல் பருத்துவிடும். அந்தப் பருமன்தான் பெயின்டைத் தூக்குகிறது. ஈரத்தில் உப்பு கலந்துவிட்டால் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும். அது மட்டுமா, உப்புப் படிந்த தகடு காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் காயாது.

கதவின் உள் அட்டையைக் கழற்றினோம். அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சேறு இறுகிக் கிடந்தது. அதற்குள் டோல்கேட் ரசீதுகள், வேர்க்கடலைத் தோல், ஒரு சீப்பு, இரண்டு ஒரு ரூபாய்க் காசு. எல்லாம் கண்ணாடி இறங்குகிற சந்து வழியாகப் போனவை. மழைத் தண்ணீரும் அதே வழியாகத்தான் உள்ளே போகும். அது தப்பில்லை, எல்லா வண்டியிலும் போகும். வெளியே வடிவதற்குக் கதவின் அடியில் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். இந்த வண்டியில் அத்தனையும் அடைத்துப் போயிருந்தன. பாதியைச் சேறு அடைத்தது. மீதியை முன்பு வேலை பார்த்தவர் பட்டியோடு சேர்த்துப் பூசிவிட்டார். கோபம்தான் வந்தது எனக்கு.

இனி வேலை. ஓட்டை கையகலம் இருந்தாலும் வெட்டு அதோடு நிற்காது. கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டே போய், வெள்ளி மாதிரி மின்னுகிற தகடு வருகிற இடத்தில்தான் கோடு போடுவேன். துரு தின்ற தகட்டில் வெல்டிங் வைத்தால் பிடிக்காது, ஊதிக்கொண்டு போய்விடும். வெட்டின இடத்துக்குப் பழைய காலண்டர் அட்டையில் அளவு எடுத்து, புதுத் தகட்டை அதன்படி நறுக்க வேண்டும். இந்தக் கதவுக்கு 20 கேஜ், ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கனமான தகடு போட்டால் பலம் என்பார்கள். கனமும் மெல்லிசும் சேரும் இடத்தில் மெல்லிசுதான் உருகி ஓடும். ஜிஐ தகடு போடச் சொல்கிறவர்களும் உண்டு. வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு ஒட்டுப் போடும் இடத்திலேயே எரிந்துபோகும். அந்தப் புகையை இழுத்தவனுக்கு ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும். நான் சாதா தகட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

வெல்டிங் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். பக்கத்தில் இருக்கிற ஸ்பாஞ்சு, சீட், ரெக்சின் எல்லாம் வெளியே. சின்ன வயதில் ஒரு கேபினுக்குள் ஸ்பாஞ்சு கமுக்கமாகப் புகைந்ததைப் பார்த்து ஓடியிருக்கிறேன்.

மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் நெளிந்துவிடும். பிறகு எண்ணெய் டின் அடிப்பாகம் மாதிரி அமுக்கினால் 'டொக்'கென்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அதனால் இந்த மூலையில் ஒரு புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைப்பேன். நடுவில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன்; சுட்டால் ஒரு டீ. அவசரக்காரர்களுக்கு இது ஆகாத வேலை. ஓனர் அன்று சாயங்காலம் மூன்று தடவை போன் பண்ணினார். மூன்று தடவையும் "சூடு ஆறட்டுமுங்க" என்றேன்.

பிறகு தேய்ப்பு. எமரி பேப்பருக்கு எங்கள் ஊரில் உப்புத்தாள் என்றுதான் பேர். உப்புத் தின்ன கதவை உப்புத்தாளால் தேய்க்கிறோம் என்று பையன்கள் சிரித்தார்கள். பட்டியை நான் விரோதியாகப் பார்க்கவில்லை. முதலில் சுத்தியும், பின்னால் தாங்கிப் பிடிக்கிற டாலி என்ற இரும்புக் கட்டையும் வைத்துத் தகட்டைச் சமன்படுத்திவிட்டு, மிச்சமிருக்கும் பள்ளத்துக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குள் பூசினால் அது நன்றாக நிற்கும். ஓட்டையை அடைக்கப் பூசினால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடுத்த மழைக்குள் பெயர்ந்துவிடும்.

வெளியே பிரைமர் எல்லோரும் அடிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்துக்குத்தான் இரண்டு கோட் வேண்டும். தகடு மடிகிற ஓரங்களுக்கு, தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலன்ட் பசை வேண்டும். பழைய என்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றிவிட்டால் போதும் என்பது பழைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை: ரப்பரைக் கெடுக்கும், ரோடெல்லாம் ஒழுகும், அடுத்து வெல்டிங் வைக்கிறவன் பாடு திண்டாட்டம்.

பிரைமர் காய்ந்ததும் கதவை மாட்டி, கண்ணாடிச் சந்து வழியாக ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஓனர் பதறிவிட்டார்: "இப்பத்தான செஞ்சீங்க, மறுபடியும் தண்ணி ஊத்துறீங்க?" குனிந்து பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மூன்று துளையிலும் தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. செம்பு காலியான பிறகும் சொட்டிக்கொண்டிருந்தது. நின்றதும் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், எங்கும் தேங்கவில்லை. அப்புறம்தான் பெயின்டருக்குப் போன் போட்டேன்.

வணக்கம்.