ஒரு பானைக் கூட்டாஞ்சோறு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக்கு நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டால் என்ன நடக்கிறது? அழைத்த வீட்டுப் பெண் பகல் முழுக்க அடுப்படியில் நிற்கிறார். வந்தவர்கள் கூடத்தில் டிவி பார்க்கிறார்கள். கால்மணி நேரத்தில் சாப்பாடு முடிந்து, "அப்ப வரட்டுமா" என்று கிளம்பிவிடுகிறார்கள். வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டாயிற்று, வாய்விட்டுப் பேசத்தான் நேரமில்லை.

இதற்குத் திருநெல்வேலிப் பக்கத்துக் கூட்டாஞ்சோறு அருமையான மாற்று. அரிசி, பருப்பு, காய், கீரை எல்லாம் ஒரே பானையில் வெந்துவிடும். தொட்டுக்கொள்ள அப்பளமும் கூழ்வற்றலும் போதும். ஆனால் ஆய்வதும் நறுக்குவதும் நிறைய. அந்த வேலையைத்தான் விருந்தாளிகளோடு பகிர வேண்டும்.

பத்துப் பேருக்கு ஒரு கிலோ புழுங்கலரிசி, 350 கிராம் துவரம்பருப்பு, ஒன்றரை கிலோ காய். கத்தரி, வாழைக்காய், அவரை, முருங்கைக்காய் கட்டாயம். மாங்காய் கிடைத்தால் ஒன்று. ஆய்ந்த முருங்கைக்கீரை நாலு கைப்பிடி. அரைக்க ஒரு தேங்காய், 15 மிளகாய் வற்றல், 2 தேக்கரண்டி சீரகம், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, மஞ்சள். புளி எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை. மாங்காய் போட்டால் ஒன்று போதும்.

ஏழரைக்குச் சாப்பாடு என்றால் ஐந்தரைக்கே வரச் சொல்லுங்கள். கீரை ஆயக் குழந்தைகளையும், வெங்காயம் உரிக்கப் பெரியவர்களையும் ஒரே பாயில் உட்கார வையுங்கள். கை ஒரே வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும், மாதக்கணக்கில் பேசாத சொந்தக்காரர்கள்கூட "இந்தக் காம்பைக் கிள்ளணுமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நேரம் மிச்சமாகிறதே என்று கடையில் நறுக்கிய காய் வாங்கிவிடாதீர்கள். ஆண்களிடம் தேங்காய்த் துருவலை ஒப்படையுங்கள்.

அடிகனமான பாத்திரமாக எடுங்கள். பித்தளை என்றால் ஈயம் பூசியதாக இருக்க வேண்டும், இல்லையேல் புளி பட்டுக் களிம்பேறும். ஊறவைத்த பருப்பை முதலில் ஐந்து லிட்டர் தண்ணீரில் போடுங்கள். அது முக்கால் பதம் வெந்ததும் அரிசியும் வாழைக்காய், அவரை, முருங்கைக்காயும். அரிசி பாதி வெந்தபின் கத்தரிக்காய். முன்னாலேயே போட்டால் கரைந்து தோல்தான் மிஞ்சும்.

பலரும் தவறுவது புளியில். பருப்பும் காயும் வேகும் முன்பே ஊற்றினால் புளிப்பில் அவை இறுகிவிடும், எவ்வளவு எரித்தாலும் மசியாது. பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்து, அரிசியும் முக்கால் பதம் வந்தபின்தான் புளிக்கரைசல், உப்பு, அரைத்த விழுது மூன்றையும் சேர்க்க வேண்டும். அதன் பிறகு தீ தணிந்தே இருக்கட்டும். தேங்காய் சேர்ந்ததும் அடிபிடிக்கும். பக்கத்தில் ஒரு செம்பு வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியில் அள்ளினால் மெல்லச் சரிந்து விழும் பதத்தில் இறக்குங்கள், ஆற ஆற இறுகும். இறக்க ஐந்து நிமிடம் முன்பு கீரை. கடைசியில் நல்லெண்ணெயில் கடுகு, வெங்காய வடகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் தெரு முழுக்க மணக்கும்.

குக்கரில் வைத்தால் சீக்கிரம் ஆகிவிடும்தான். காயெல்லாம் குழைந்து ஒரே களியாகிவிடும், பாய் போட்ட நோக்கமும் போய்விடும்.

சித்ரா பௌர்ணமிக்கு நிலாச்சோறு சாப்பிடுகிற மாதிரி மொட்டைமாடியில் வட்டமாக உட்காருங்கள். முழங்கால் வலிக்காரருக்கு நாற்காலி போடுங்கள், அதே வட்டத்துக்குள். பானையை நடுவில் வைத்துவிட்டால் ஒருவர் மட்டும் நின்று பரிமாறிக் கடைசியில் ஆறிப்போனதைச் சாப்பிட வேண்டியதில்லை. இது முக்கியம். வீட்டுக்காரம்மா உட்காரும் வரை யாரும் கைவைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு யாராவது உருண்டை பிடித்துக் கையில் கொடுக்கட்டும். கூடவே ஒன்றிரண்டு உருண்டை உள்ளே போகும்.

மிஞ்சினால் மறுநாளுக்கென்று வெளியில் வைக்காதீர்கள். பருப்பும் தேங்காயும் சேர்ந்த சோறு இரவிலேயே ஊசிவிடும். கிளம்புகிறவர்களுக்குத் தூக்கில் போட்டுக் கொடுத்து, வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். காலிப் பானையில் உடனே வெந்நீர் ஊற்றி வையுங்கள். தேய்க்கிற வேலை, அன்றைக்கு அடுப்புப் பக்கம் வராதவர்களுடையது.